வினைக் கணக்கும் பேரேடும்

(விருதுநகர்ப் பொதுக்கூட்டம் ஒன்றில் சைவ சித்தாந்தத்தைப் பற்றி நாம் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் துவைதக் கொள்கை என்பதாகும். விருதுபட்டி என்று இருந்து பின்னர் விருதுநகர் ஆன இந்த ஊருக்குச் சுயமரியாதைப் பேச்சு புதிதல்ல. 1931 ஆகஸ்டில் மூன்றாவது சுயமரியாதை மாகாண மகாநாடு இங்கேதான் கூடிற்று. ஆனாலும் நம்மைப் பற்றிச் சமயவாதிகள் சொல்லும் புகார் ஒன்று இன்னும் ஓயவில்லை. "சாஸ்திரம் இன்னதென்று தெரியாமலேயே வைகிறார்கள், படித்துப் பார்த்தால் வாய் அடைத்துப் போவார்கள்" என்பதே அந்தப் புகார். ஆகையால் இன்று வைவது இல்லை என்று முடிவு செய்து கொண்டு வந்திருக்கிறோம். சித்தாந்தி தன் கட்சியை எப்படிச் சொல்லுவானோ அப்படியே முதலில் சொல்லுகிறோம். சொன்ன பிறகு நாம் கேட்க வேண்டியதைக் கேட்கிறோம். நியாயம் எந்தப் பக்கம் என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

துவைதம் என்றால் இரண்டு என்று அர்த்தம். கடவுள் வேறு, உயிர் வேறு என்பது அதன் வேர். சங்கரர் கட்சி, உள்ளது ஒன்றே, உலகம் வெறும் தோற்றம் என்று சொல்லுகிறது. ராமானுஜர் கட்சி, உயிரும் உலகமும் கடவுளுக்கு உடம்பு மாதிரி என்று சொல்லுகிறது. 13-ம் நூற்றாண்டில் உடுப்பிச் சீமையில் தோன்றிய மத்துவர், அந்தச் சமாதானம் எல்லாம் வேண்டாம், பேதம் பேதந்தான் என்று அடித்துச் சொன்னார். கடவுளுக்கும் உயிருக்கும், கடவுளுக்கும் ஜடத்துக்கும், உயிருக்கும் உயிருக்கும், உயிருக்கும் ஜடத்துக்கும், ஜடத்துக்கும் ஜடத்துக்கும் என்று ஐந்து பேதங்களை அவர் கணக்கிட்டார். அதோடு நிற்கவில்லை. உயிர்களிலேயே மூன்று தரம் உண்டு என்றும், மோட்சத்துக்குத் தகுந்தவை ஒன்று, என்றைக்கும் பிறந்து இறந்து கொண்டே இருப்பவை ஒன்று, என்றைக்கும் இருளிலேயே கிடக்க வேண்டியவை ஒன்று என்றும், இது சுபாவத்திலேயே அமைந்தது என்றும் சொல்லி வைத்தார். பிறக்கும் முன்பே நிரந்தர நரகத்துக்குச் சீட்டு எழுதும் மதம் நமது தேசத்திலேயே உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மத்துவர் மதம் அவ்வளவு பழக்கமில்லை. இங்கே கோவில் வைத்துக் கும்பிடுவதும், திருநீறு பூசுவதும், "எல்லாம் அவனவன் வினை" என்று பெருமூச்சு விடுவதும் சைவ சித்தாந்தத்தின் வழியாக வந்தவை. சித்தாந்திகள் தங்களைத் துவைதி என்று சொல்லிக் கொள்ள மாட்டார்கள், சுத்தாத்துவைதம் என்பார்கள். பெயர் எப்படி இருந்தாலும், கடவுள் வேறு, உயிர் வேறு, அழுக்கு வேறு, மூன்றும் என்றைக்கும் உண்டு என்பதே அவர்கள் கொள்கை. ஆகையால் நாம் அதையே எடுத்துக் கொள்ளுகிறோம்.

அந்த மூன்றுக்கும் பதி, பசு, பாசம் என்று பெயர். பதி என்றால் சிவன். பசு என்றால் கட்டுண்ட உயிர். பாசம் என்றால் கட்டும் கயிறு. இந்த மூன்றில் எதையும் எவரும் உண்டாக்கவில்லை. கடவுள் உயிரைப் படைத்தார் என்று கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சொல்லுவதைச் சித்தாந்தி ஒப்புவதில்லை. கடவுள் எவ்வளவு பழையவரோ உயிரும் அவ்வளவு பழையது, அதன் அழுக்கும் அவ்வளவு பழையது. இதைத்தான் அநாதி என்கிறார்கள்.

அழுக்கு மூன்று. ஆணவம், கன்மம், மாயை. ஆணவம் உயிரின் அறிவை மறைக்கும் இருட்டு. செம்பில் களிம்பு போலவும், நெல்லில் உமி போலவும் அது உயிரோடு கூடவே இருந்து வருகிறது. மாயையிலிருந்து உடம்பும், கண் காது முதலியவைகளும், உலகமும் வருகின்றன. இது அழுக்கை எடுக்க வந்த அழுக்கு. வண்ணான் துணி அழுக்கைப் போக்குவதற்குச் சாணத்தையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றுகிறான் அல்லவா, அந்த மாதிரி என்று உவமை சொல்லுவார்கள். கன்மம் என்பது வினை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கடவுள் செய்யும் தொழில் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைத்தல் என்பது, உயிர் தன் வினையைத் தின்று தீர்க்கும் வரையில் கடவுள் தன்னைக் காட்டாமல் இருப்பது. வினை இரண்டும், அதாவது நல்லதும் கெட்டதும், உயிருக்கு ஒப்பாகி, அழுக்குப் பழுத்து விடும் பதம் வந்தால் அருள் பதிகிறது, குரு வருகிறார், தீட்சை ஆகிறது. வழி நான்கு: சரியை, கிரியை, யோகம், ஞானம். வேலைக்காரனாக, பிள்ளையாக, சிநேகிதனாக, கடைசியில் ஞானியாக உயிர் கடவுளை நெருங்குகிறது. முத்தி அடைந்த பிறகும் உயிர் கடவுளாகி விடுவதில்லை. தாள் என்ற சொல்லும் தலை என்ற சொல்லும் சேர்ந்தால் தாடலை என்று ஒரே சொல்லாகிறது. ஆனால் காலும் தலையும் ஒன்றாகி விடவில்லை. அப்படித்தான் முத்தியும் என்கிறார்கள். உவமை நன்றாகவே இருக்கிறது.

தோழர்களே! நல்லதை நல்லதென்று சொல்ல நாம் தயங்குவதில்லை. இந்த மதத்தில் மூன்று நல்ல சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, உலகம் பொய் என்று அது சொல்லவில்லை. பசி நிஜம், அடி நிஜம், கண்ணீர் நிஜம் என்று ஒப்புக் கொள்ளுகிறது. இரண்டு, எந்த உயிரையும் நிரந்தர நரகத்துக்கு என்று முத்திரை குத்தவில்லை. ஆணவ அழுக்கு எல்லா உயிருக்கும் பொது. பிராமணன் உயிரில் களிம்பு குறைவு, சக்கிலியன் உயிரில் களிம்பு அதிகம் என்று அதன் தத்துவத்தில் இல்லை. மூன்று, அது வாதத்துக்குப் பயப்படவில்லை. 13-ம் நூற்றாண்டில் சிவஞானபோதம் என்று பன்னிரண்டு சூத்திரம் எழுதிய மெய்கண்டார் வேளாளர். வயதிலும் ஜாதியிலும் மேலாக எண்ணப்பட்ட அருணந்தி சிவாசாரியார் அவருக்குச் சீடரானார். அந்த அருணந்தி எழுதிய சிவஞானசித்தியாரில் பரபக்கம் என்ற பாகம், பிறர் கட்சிகளை எடுத்து வைத்து மறுப்பது. அதில் முதல் கட்சியே கடவுள் இல்லை, வினை இல்லை என்ற உலகாயதன் கட்சிதான். அடுத்து வந்த உமாபதி சிவாசாரியாரோ தில்லைத் தீட்சிதர். ஜாதி பாராமல் குருவைப் பிடித்தார் என்று அவரைத் தீட்சிதர்கள் விலக்கி வைத்ததாகச் சைவர்களே வரலாறு சொல்லுகிறார்கள்.

ஆகவே ஆரம்பம் மோசமில்லை. அப்படியிருக்க, இதைப் பற்றி நமக்கு ஏன் ஆட்சேபணை என்று கேட்பீர்கள். இப்பொழுது கன்மத்துக்கு வருவோம்.

நீங்கள் வியாபாரிகள். மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் மண்டிகளில் பேரேடு வைத்துப் பிழைப்பவர்கள். வினைக் கொள்கை உங்களுக்குச் சொல்ல வெகு சுலபம், ஏனெனில் அது ஒரு கடன் கணக்கு. முன் பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் பழைய பாக்கிக்குச் சஞ்சிதம் என்று பெயர். அதில் இந்தப் பிறவிக்கு என்று ஒதுக்கி வசூல் செய்யும் தவணைக்குப் பிராரத்தம் என்று பெயர். அதைக் கட்டிக் கொண்டிருக்கும்போதே நாம் வாங்கும் புதுக் கடனுக்கு ஆகாமியம் என்று பெயர். வினை அறிவில்லாத ஜடம். அது தானாக வந்து ஆளைப் பிடித்துக் கொள்ளாது. ஆகையால் கணக்கை வைத்து, ஆளைக் கண்டு பிடித்து, தவணையை வசூல் செய்வதற்கு ஒரு முதலாளி வேண்டும், அவர்தான் பதி.

நல்லது. கணக்கு என்று ஒன்று உண்டென்றால், நாம் கேட்பது அதிகமில்லை. பேரேட்டைக் காட்டுங்கள் என்கிறோம். கடன் எந்தத் தேதியில் வாங்கினது? யார் வாங்கினது? என்ன சாமான்? வாங்கினவன் கையெழுத்து எங்கே? இந்த நாலு கேள்விக்கும் பதில் இல்லாமல் ஒருவன் உங்கள் கடை வாசலில் வந்து நின்று, "உன் பேரில் பாக்கி இருக்கிறது, எடு பணத்தை" என்றால் ஒரு பைசா கொடுப்பீர்களா?

"முதல் வினை எப்பொழுது செய்தது?" என்று கேட்டால், "அது அநாதி" என்கிறார்கள். அநாதி என்றால் முதல் பக்கம் இல்லாத பேரேடு என்றுதான் அர்த்தம். பாக்கித் தொகை மாத்திரம் இருக்கிறது, பற்று எழுதிய பக்கம் இல்லை. உயிருக்கு உடம்பு இல்லாமல் வினை செய்ய முடியாது; வினை இல்லாமல் உடம்பு வராது; அப்படியானால் எது முதலில் என்று கேட்டால், விதையா மரமா என்ற பழைய பதில்தான் வருகிறது. தோழர்களே, விதையையும் மரத்தையும் நாம் கண்ணால் பார்க்கிறோம். ஒன்றிலிருந்து ஒன்று வருவதை வருஷா வருஷம் காட்டிலே காண்கிறோம். முன் பிறவி வினையை யார் பார்த்தார்?

"தகப்பன் பிள்ளையை அடிப்பதில்லையா, அதுவும் அன்புதானே" என்கிறார்கள். சரி, அடிக்கிற தகப்பன், "ஏண்டா பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தாய்" என்று காரணம் சொல்லி அடிக்கிறான். நேற்றுப் பிறந்த குழந்தைக்குக் கண் இல்லாமல் செய்து விட்டு, என்ன குற்றம் என்று அதற்கும் சொல்லாமல், பெற்றவளுக்கும் சொல்லாமல் இருக்கிற தகப்பனை எந்த ஊரில் அன்புள்ளவன் என்பார்கள்? போலீஸ் கோர்ட்டில்கூடக் கைதிக்குக் குற்றப்பத்திரிகையைப் படித்துக் காட்டின பிறகுதான் விசாரணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு விஷயத்தை அறிவதற்கு மூன்று அளவைகள் உண்டு என்று சித்தாந்திகளே ஒப்புக் கொள்ளுகிறார்கள். காட்சி, கருதல், உரை. வினை காட்சிக்கு எட்டவில்லை. உரை என்பது ஆகமத்தின் வாக்கு. அதை ஒப்புக் கொண்டவனுக்குத்தான் அது சாட்சி. மிச்சம் இருப்பது கருதல், அதாவது அனுமானம். "ஒருவன் ஏழை, ஒருவன் பணக்காரன், ஒருவன் நோயாளி, ஒருவன் திடகாத்திரன், இதற்கு ஏதோ முன் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?" என்பது அவர்கள் அனுமானம். காரணம் இருக்க வேண்டியதுதான், ஒப்புகிறோம். ஆனால் காரணத்தை முன் பிறவியில் தேடுவதற்கு முன்னால் இந்த ஜில்லாவில் தேடிப் பார்ப்போம்.

முதலில் கோவில் வாசலில் தேடுவோம். ஆணவம் எல்லோருக்கும் பொது என்று தத்துவம் சொல்லிற்று. சிவன் எல்லா உயிருக்கும் பதி என்றது. அப்படியானால் அந்தப் பதியின் வாசலில் ஒரு உயிரை நிறுத்தி, நீ உள்ளே வராதே என்று சொல்ல எவனுக்கு அதிகாரம்? 1897 மே 14-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். அதற்காக ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி பேரால் வழக்கு நடந்தது. 1899 ஜூலையில் மதுரைக் கோர்ட்டில் தீர்ப்பாகி, ஹைகோர்ட்டில் உறுதியாகி, 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய், நாடார்களுக்கு உள்ளே போக வழக்கமும் இல்லை, உரிமையும் இல்லை என்று முடிந்தது. பதினோரு வருஷம், எத்தனையோ ஆயிரம் ரூபாய்! எதற்காக? எல்லா உயிருக்கும் தகப்பன் என்று சொல்லப்பட்டவரைப் போய்ப் பார்ப்பதற்காக!

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இந்தச் சேதுபதி ராஜாதான் விவேகானந்தர் 1893-ல் சிகாகோவுக்குப் போவதற்கு ஊக்கமும் உதவியும் செய்தவர். 1897 ஜனவரியில் விவேகானந்தர் திரும்பி வந்து பாம்பனில் இறங்கினபோது ராஜாவே எதிர்கொண்டு வரவேற்றார். எல்லா உயிரும் பிரம்மமே என்ற அத்துவைதப் பிரசங்கம் ஜனவரியில். ஒரு ஜாதியார் உள்ளே நுழைந்ததால் தீட்டு என்ற சங்கதி மே மாதத்தில். ஆகவே ஒன்று என்று சொல்லும் மதமானாலும் இரண்டு என்று சொல்லும் மதமானாலும் வாசல் படிக்கு வரும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்து கொண்டிருக்கின்றன.

சிவகாசியில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே இருக்கும் லிங்கம், பாண்டிய ராஜா காசியிலிருந்து தென்காசிக்குக் கொண்டு போகும் வழியில் இந்த இடத்திலேயே தங்கி விட்டதாகத் தலபுராணம் சொல்லுகிறது. காசியிலிருந்து வந்த கல்லுக்கு உள்ளே இடம் கிடைத்தது; அந்த ஊரிலேயே பிறந்து, கடை வைத்து, வரி கொடுத்தவனுக்கு உள்ளே இடம் இல்லை. விசுவநாதசாமி கோவிலில் நுழைய வேண்டும் என்று நாடார்கள் கேட்டதும், கோவில் கதவு சாத்தப்பட்டதும், பகை வளர்ந்ததும், 1899 ஜூன் 6-ந் தேதி ஆயிரக்கணக்கான பேர் ஆயுதங்களோடு ஊரைத் தாக்கினதும், நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்ததும், உயிர்கள் போனதும் சரித்திரம். அன்று வீடு எரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் பிராரத்தம் பழுத்ததா? கொளுத்தினவர்கள் பதியின் வசூல் சேவகர்களா? அப்படியென்றால் அவர்களைக் கைது செய்து தண்டித்த சர்க்கார் கடவுளின் சேவகர்களை அல்லவா தண்டித்தது!

உயிரில் ஜாதி இல்லை என்று முன் வாசலில் சொன்ன மதம், ஜாதியைப் பின் வாசலால் எப்படி உள்ளே விட்டது என்பது இப்பொழுது உங்களுக்குப் புரிந்திருக்கும். உயிருக்கு ஜாதி இல்லை. ஆனால் உடம்பு வினைப்படி வந்தது. ஜாதி உடம்போடு வந்தது. ஆகையால் ஜாதி வினைப்படி வந்தது. இந்த மூன்று படியில் வேலை முடிந்து விட்டது. மேலே இருப்பவன் பூர்வ புண்ணியம் செய்தவன், கீழே இருப்பவன் பூர்வ பாவம் செய்தவன். அடிக்கிறவனுக்குப் பாவம் இல்லை, அடிபடுகிறவனுக்கு ரோஷம் இல்லை.

வேதம் பொது, ஆகமம் சிறப்பு என்பது சைவர்கள் வார்த்தை. அந்த ஆகமத்தைக் காட்டித்தான், மூல விக்கிரகத்தை இன்ன வகுப்பார் தவிர மற்றவர் தொட்டால் தீட்டு என்று வாதாடினார்கள். 1939-லும் 1947-லும் சட்டம் வந்து கோவில் வாசல் திறந்தது. 1970-ல் பரம்பரை அர்ச்சகப் பாத்தியதையை எடுக்கச் சட்டம் வந்தது. 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு, பரம்பரை போகலாம், ஆனால் ஆகமம் போகக் கூடாது என்ற தோரணையில் தீர்ப்புச் சொல்லிற்று. 2006-ல் மறுபடியும் முயற்சி; 2015-ல் மறுபடியும் தீர்ப்பு; 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற பல ஜாதியாருக்கு அர்ச்சகர் உத்தியோகம் கொடுக்கப்பட்டது. வெளி வாசலிலிருந்து கருவறை வரையில் ஐம்பது அடி இருக்குமா? கமுதியில் தொடங்கி அந்த ஐம்பது அடியைக் கடப்பதற்கு நமக்கு நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அருளால் திறந்த கதவு அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கதவும் கிளர்ச்சியாலும் சட்டத்தாலும் திறந்தது.

இனி இரண்டாவது இடத்தைப் பார்ப்போம். அது இந்தக் கரிசல் காடு முழுவதும் பரவியிருக்கும் பட்டாசுத் தொழில். 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. புகையைக் கண்டு ஓடிப் போனவர்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் மறுபடியும் ஒன்று; இருபதுக்கு மேல் உயிர் போயிற்று. இப்படி ஒவ்வொரு முறையும் பிணம் எடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து கொண்டு, "என்ன செய்வது, அவரவர் வினை" என்று சொல்லுவதற்கு ஒரு வாய் இல்லாமல் போவதில்லை.

அந்த வினையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மணி மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டால் தீப்பிடிக்கும், இது ரசாயனம். ஒரு அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி உண்டு, தீபாவளி ஆர்டருக்காக அதற்கு மேல் ஆளையும் மருந்தையும் அடைத்தால் ஒரு பொறி போதும், பக்கத்து அறையும் போகும், இது பேராசை. உரிமம் ஒருவன் பேரில், வேலை நடத்துவது உள்குத்தகை எடுத்த இன்னொருவன் என்றால், யாருக்கும் பொறுப்பில்லை, இது புரட்டு. பார்க்க வேண்டிய அதிகாரி பார்க்காமல் போனால் அது லஞ்சம் அல்லது சோம்பல். இத்தனையும் இந்தப் பிறவியில், நம் கண் முன்னால், பேரும் விலாசமும் உள்ள மனிதர்கள் செய்கிற வினை. காட்சி என்ற முதல் அளவைக்கே இவ்வளவும் அகப்படும்போது, செத்தவன் போன பிறவியில் என்ன செய்தான் என்று தேடப் போவது யாரைக் காப்பாற்றுவதற்கு?

உதவிக்கு ஓடினவனையும் நினைத்துப் பாருங்கள். பக்கத்து ஆலையில் தீ என்றதும் தன் உயிரை மதியாமல் ஓடினான். அவனைக் கூப்பிட்டது அவனுடைய சஞ்சிதமா? மனித இரக்கம் அல்லவா கூப்பிட்டது! அவன் சாவையும் பழைய கடனுக்கு வரவு வைத்தால், இரக்கப்பட்டவனுக்கும் திருடனுக்கும் அந்தப் பேரேட்டில் ஒரே பக்கந்தான்.

இங்கே ஒருவர் எழுந்து, "பிள்ளையைப் பறி கொடுத்த தாய் வினை என்று சொல்லித்தான் மனதைத் தேற்றிக் கொள்ளுகிறாள், அந்த ஆறுதலையும் பிடுங்குகிறீர்களே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தாயிடம் போய் நாம் தர்க்கம் செய்ய மாட்டோம். அவள் தனக்குத் தானே சொல்லிக் கொள்ளுவது வேறு. அவளிடம் இன்னொருவன் வந்து சொல்லுவது வேறு. அந்த இன்னொருவன் யாரென்று பாருங்கள். நஷ்டஈடு கொடுக்க வேண்டியவனாக இருப்பான், அல்லது அவனிடம் தட்சணை வாங்குகிறவனாக இருப்பான். மேலும், வினை என்று அழுது ஓய்ந்த வீட்டின் அடுத்த பிள்ளை அதே அறைக்கு வேலைக்குப் போகிறது. ஆறுதல் என்ற பேரால் அந்த அறையை அப்படியே விட்டு வைப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

வினை மாறாதது என்றால், அது மாறின விதத்தையும் கேளுங்கள். மழை இல்லாத பூமி என்று இந்தப் பக்கத்தைச் சபித்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து ஐயா நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். எந்த வறட்சி சாபம் என்று சொல்லப்பட்டதோ, அதே வறட்சி மருந்து காய்வதற்கு வசதியாயிற்று. பூமியின் வினை எங்கே போயிற்று? இந்த ஊரில் மகமை வசூல் செய்து, வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து, 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடம் வைத்தார்கள். கோவில் வாசலில் நின்று கொண்டு அழுதிருந்தால் ஒரு எழுத்துக்கூட வந்திராது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த காமராசர் பின்னால் முதல் மந்திரியாகி, 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். பூர்வ வினையால் பட்டினி என்று இருந்த பிள்ளைகள் ஒரு ஆழாக்கு அரிசிச் சோற்றால் அந்த வினையிலிருந்து தப்பினார்கள்.

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் குழந்தைகள் வதைபட்டதைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்துக்கு விரோதமாக ஒரு குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி அந்தக் குழந்தைக்காக 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குப் பிறகு தொழிற்சாலை வாசலில் பிள்ளைகளை ஏற்றி வரும் வண்டிகள் குறைந்தன. அநாதி காலமாக யாராலும் அசைக்க முடியாத வினை, கோர்ட்டுக்கும் அபராதத்துக்கும் பயந்து கொண்டதைப் பாருங்கள்!

தோழர்களே! கடைசியாக உங்களைப் பற்றியே ஒன்று சொல்லி விடுகிறோம். கோபித்துக் கொள்ள வேண்டாம். 1899-ல் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரர்கள் இன்று பல கோவில்களுக்குத் தர்மகர்த்தாக்கள். மகமைப் பணத்தில் கட்டிய கோவில்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே அருந்ததியரும் பள்ளரும் பறையரும் வந்தால் நீங்கள் எந்தப் பேரேட்டை எடுத்துக் காட்டுவீர்கள்? உங்கள் பாட்டனுக்குக் காட்டின அதே முதல் பக்கம் இல்லாத பேரேட்டையா? பட்டாசு ஆலை முதலாளிகளிலும் இங்கே வந்திருப்பவர்கள் இருக்கலாம். உங்கள் தொழிலாளி ஒருவன் கருகிப் போனால், உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை வினை என்பதாக இருக்குமா?

பதி உண்டா இல்லையா என்று இன்றைக்கே நீங்கள் முடிவு கட்ட வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. நாம் கேட்பது சிறியது. இனிமேல் உங்கள் காதில் "எல்லாம் வினை" என்று யாராவது சொன்னால், தலையை ஆட்டி விட்டு வந்து விடாதீர்கள். உரிமம் யார் பேரில், வேலை நடத்தினது யார், அறையில் எத்தனை பேர், மருந்து எவ்வளவு, பார்க்க வேண்டிய அதிகாரி எங்கே போனான் என்று ஐந்து கேள்வி கேளுங்கள். கோவிலில் ஒருவனை நிறுத்தினால், எந்தத் தேதிக் கணக்குப்படி நிறுத்துகிறாய் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகும் ஏதாவது மிச்சம் இருந்தால், அதை முன் பிறவியின் தலையில் ஏற்றிக் கொள்ளட்டும். நமது அனுபவத்தில் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை.

மாறுபட்ட அபிப்பிராயம் உள்ளவர்கள் மேடைக்கு வந்து தங்கள் கட்சியைத் தாராளமாகச் சொல்லலாம் என்று கேட்டுக் கொண்டு, நமது பேச்சை இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.